கோட்டையில் பார்த்த ‘கார்டரோப்’

போன வருஷம் மகளின் பிரசவத்துக்காக இங்கிலாந்து போயிருந்தேன். பேரனுக்கு மூன்று மாதம் நிறைந்ததும், மாப்பிள்ளை எங்களை சஸ்ஸெக்ஸ் பகுதியிலுள்ள போடியம் கோட்டைக்கு அழைத்துப் போனார்.

சுற்றிலும் அகன்ற அகழி, நடுவே நான்கு மூலைகளிலும் உருண்டைக் கோபுரங்களோடு கோட்டை! பிரெஞ்சுக்காரர் படையெடுப்புக்குப் பயந்து, 1385-ல் ராஜாவிடம் அனுமதி வாங்கி எட்வர்ட் டாலிங்ரிக் என்ற பிரபு கட்டியது. நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்தாரே கர்சன் பிரபு, அவர்தான் 1917-ல் இதை வாங்கிப் பழுது பார்த்தாராம். உள்ளே கூரைகள் இல்லை. சுவர்கள் மட்டும் கம்பீரமாக நிற்கின்றன.

ஒரு கோபுரத்தில், கனத்த சுவருக்குள்ளேயே குடைந்த மாதிரி சின்னஞ்சிறு அறை.

“இது என்னடி, சாமி மாடமா?” என்றேன்.

மகள் சிரித்துவிட்டாள். “ஐயோ அம்மா! இதுக்கு கார்டரோப்னு பேரு. அந்தக் காலத்து கக்கூஸ்!”

பிரெஞ்சு மொழியில் ‘துணி காக்கும் இடம்’ என்று அர்த்தமாம். துணி அலமாரியை வார்ட்ரோப் என்கிறோமே, அதுவும் இதே சொல்லின் இன்னொரு உருவம்தான். அந்த நெடிக்குப் பூச்சி அண்டாது என்று உடைகளை அங்கே மாட்டி வைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. நாம் அந்துருண்டை போடுவதில்லையா, அந்த மாதிரி!

இந்தக் கோட்டையில் இப்படி 28 இருந்தனவாம். அத்தனையும் நேரே அகழியில்தான் விழும். குடிதண்ணீர்க் கிணறோ, அதே அகழி சூழ்ந்த தென்மேற்குக் கோபுரத்தின் அடியில்! எனக்குப் பகீரென்றது. எதிரி நுழைய முடியாதபடி சுவர் எழுப்பியவர்களுக்கு, நோய் தண்ணீர் வழியே வரும் என்று தெரியாது. லண்டனில் காலரா பரவியபோது, அசுத்தமான ஒரு தெருப் பம்பின் தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் ஜான் ஸ்நோ எடுத்துக் காட்டியதே 1854-ல்தான். அதுவரை எத்தனை தாய்மார்கள் காரணம் தெரியாமல் குழந்தைகளைப் பறிகொடுத்தார்களோ!

நமக்குக் காரணம் தெரியும். ஆகவே, கிணறு உள்ள வீடுகளில் செப்டிக் டாங்க் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, மூடி வையுங்கள். குழந்தைக்குக் கால் கழுவிவிட்ட கையோடு அடுப்பங்கரைக்குள் நுழையாமல், சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குக் கோட்டைச் சுவரைவிட இதுதான் பெரிய காவல்.