பிவா ஏரிக்கரையில் ஒரு சிவகாசிக்காரன்

கியோட்டோவில் ரயில் ஏறினால் பத்து நிமிடத்தில் ஓட்சு வந்துவிடுகிறது. நிலையத்தை விட்டு இறங்கிச் சரிவில் கொஞ்ச தூரம் நடந்தால் பிவா ஏரி. அதை ஏரி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 670 சதுர கிலோமீட்டர் பரப்பு, முழுக்க நல்ல தண்ணீர். நீளவாக்கில் அறுபது கிலோமீட்டருக்கு மேல், அதாவது மதுரையில் புறப்பட்டு விருதுநகரையும் தாண்டிப் போகிற தூரம். வயது சுமார் நாற்பது லட்சம் ஆண்டு. கியோட்டோவிலும் ஒசாகாவிலும் குழாயைத் திறந்தால் வருவது இந்தத் தண்ணீர்தான். மழை பொய்த்த வானத்தை நம்பியே தீப்பெட்டியும் பட்டாசும் செய்து பிழைக்கும் ஊர் எங்கள் ஊர். அங்கே பிறந்த ஒருவன் இந்தக் கரையில் நின்றால் சற்று நேரம் பேச்சு எழாது.

ஆகஸ்டில் ஓட்சுக் கரையில் பெரிய வாணவேடிக்கை நடக்கும். சிவகாசிக்காரன் அதைப் பார்க்கத்தான் போயிருப்பான் என்று நினைப்பீர்கள். நான் போனது மீன் பிடிக்க.

கியோட்டோவில் வேலை பார்க்கும் சித்தி மகன் என்னைக் குசாட்சு பக்கத்துக் கராசுமா தீபகற்பத்துக்கு அழைத்துப் போனான். விடிந்தும் விடியாத நேரத்திலேயே கற்கரை நெடுக ஆட்கள். கையில் மெல்லிய கம்பு, காலடியில் சின்னப் பெட்டி, பேச்சு சத்தமே இல்லை. எல்லாருக்கும் குறி ஒன்றுதான், பாஸ் மீன். பச்சை முதுகு, விலாவில் கறுப்புப் பட்டை, தலையின் பாதி அளவுக்கு வாய். ஏரியின் தென்பகுதி சராசரியாக நாலு மீட்டர் ஆழம்தான். அடியில் பாசி மண்டிக் கிடக்கும். அந்தப் பாசி ஓரங்களில் பாஸ் பதுங்கும்.

ஆனைக்குட்டம் அணையிலும் கண்மாய்களிலும் தூண்டில் போட்டு வளர்ந்தவன் நான். தக்கை மேலே மிதக்கும், ஈயம் நடுவில், முள் கடைசியில் தொங்கும், அதில் மண்புழு. இங்கே எல்லாம் தலைகீழ்.

“அண்ணே, ஈயம்தான் தரையில உக்காரணும். முள்ளு அதுக்கு ஒரு சாண் மேல நிக்கணும்” என்றான் தம்பி.

இதற்கு டிராப் ஷாட் என்று பெயர். ஜப்பானியர்கள் டவுன் ஷாட் என்கிறார்கள். இங்கே மெருகேறி, 1990களின் கடைசியில் அமெரிக்காவில் பரவிய முறை. தூண்டில் நரம்பின் நுனியை நீளமாக விட்டு, பலோமர் முடிச்சில் முள்ளைக் கட்டுகிறார்கள். முள்ளின் முனை மேல்நோக்கி நிற்கும்படி நுனி நரம்பை முள்ளின் கண் வழியே மறுபடி இறக்குகிறார்கள். அந்த நுனியில் ஐந்தாறு கிராம் எடை. முள்ளில் விரல் நீள ரப்பர் புழு, அதுவும் மூக்கில் மட்டும் குத்தியது. எடை தரையில் அமர்ந்ததும் நரம்பைக் கொஞ்சம் தளர விட்டுக் கம்பின் நுனியை மட்டும் நடுக்க வேண்டும். எடை அசையாது, புழு அதே இடத்தில் துடிக்கும். சேற்றிலும் பாசியிலும் புதையாமல் மீனின் கண்மட்டத்திலேயே நிற்கும். ஏராளமான தூண்டில்களைப் பார்த்துப் பழகிய மீன் ஓடும் இரையைச் சந்தேகிக்கும். நின்ற இடத்தில் நடுங்குவதை விடாது.

கரையிலிருந்து போடும்போது ஒரு சூட்சுமம் உண்டு. படகிலிருந்து விட்டால் நரம்பு நேராக இறங்கும். கரையிலிருந்து எறிந்தால் சாய்ந்து கிடக்கும், புழுவும் தரையை ஒட்டிவிடும். அதனால் எடைக்கும் முள்ளுக்கும் நடுவே இடைவெளியைக் கூட்ட வேண்டும். எடையை முடிச்சுப் போடாமல் கவ்வியில் செருகி விடுகிறார்கள். கல்லிடுக்கில் மாட்டினால் எடை மட்டும் கழன்று போகும், முள்ளும் மீனும் கையோடு வரும். எங்கள் கண்மாய்க்கரையில் எத்தனை முள்ளைக் கருவேலங்கட்டைக்குக் காவு கொடுத்திருக்கிறோம்!

முழத்துக்குச் சற்றுக் குறைவாக ஒரு பாஸ் ஏறியது. தம்பி அதைத் தண்ணீரில் விடவில்லை. கரையில் வைத்திருந்த பெட்டியில் போட்டுவிட்டு வந்தான். பிடித்த பாஸைத் திரும்ப ஏரியில் விடக்கூடாது என்பது 2003 முதல், ஏரி இருக்கும் ஷிகா மாகாணத்தின் விதி. அப்படிப் போடத்தான் கரையோரம் பெட்டிகள் வைத்திருக்கிறார்கள்.

பாஸ் இந்த ஏரியின் பிள்ளை அல்ல. 1925-இல் அகபோஷி தெட்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து ஹகோனே அருகே ஆஷி ஏரியில் விட்டார். 1974-இல் பிவாவில் தென்பட்டது. புளூகில் என்ற இன்னொரு அமெரிக்க மீன் 1960-இல் பட்டத்து இளவரசர் அகிஹிட்டோவுக்குச் சிகாகோ மேயர் தந்த பரிசு. பேரரசரான பிறகு, 2007-இல் இதே பிவா வட்டாரத்தில், அந்த மீன் பரவி நேர்ந்த கேட்டுக்கு அவர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன்.

நிகோரோபுனா என்ற கெண்டை இந்த வட்டாரத்துக்கே உரியது. அதை உப்பிட்டு, சோற்றோடு அடைத்து, மாதக்கணக்கில் புளிக்க வைத்தால் ஃபுனாசூஷி. புளித்த சோற்று வாசனை தூக்கலாக இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. இப்போது அது விலை உயர்ந்த பண்டம், ஏனென்றால் மீனே அருகிவிட்டது. கரையோர நாணல் அழிந்தது ஒரு காரணம், பாஸும் புளூகில்லும் குஞ்சுகளைத் தின்றது இன்னொன்று. இதே ஏரியில்தான் 2009 ஜூலை 2 அன்று குரிடா மனாபு 10.12 கிலோ பாஸைப் பிடித்து, 1932-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பதிவான உலக சாதனையைச் சமன் செய்தார். அவருடைய இரை உயிருள்ள புளூகில். ஒரு வந்தேறி மீனுக்கு ஆசைப்பட்டுத்தான் இன்னொரு வந்தேறி சாதனைத் தூண்டிலில் சிக்கியிருக்கிறது. சீமைக் கருவேலம் நம் தரைக்குச் செய்ததை இவை இந்தத் தண்ணீருக்குச் செய்திருக்கின்றன.

நம் கதையும் வேறல்ல. ஜிலேபிக் கெண்டை 1952-இல் இந்தியாவுக்கு வந்தது, இன்று அது இல்லாத கண்மாய் அபூர்வம். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்குத் தடை இருந்தும் குளங்களில் அகப்படுகிறது. வெளியிலிருந்து வருவதெல்லாம் கெடுதல் என்று நான் சொல்லமாட்டேன். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்ததால் தழைத்ததே எங்கள் ஊர். ஆனால் தொழில் ஆள் சொன்னபடி கேட்கும். தண்ணீரில் விட்ட மீன் கேட்காது.

அதனால் ஜப்பான்காரரின் முடிச்சை மட்டும் எடுத்துக்கொள்வோம். கோல்வார்பட்டியிலோ வெம்பக்கோட்டையிலோ தண்ணீர் நிற்கும் மாதங்களில் ஈயத்தை அடியில் கட்டி, மண்புழுவைச் சேற்றுக்கு ஒரு சாண் மேலே நிறுத்திப் பாருங்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால் திரும்ப விடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் பெருத்துப்போன சக்கர் மீனைக் கண்மாயில் கொட்டாதீர்கள். மீன்பாசி ஏலம் எடுப்பவர்கள் குஞ்சு வாங்கும்போது என்ன மீன், எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள்.