15-க்கு எத்தனை

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விடிவதற்கு முன்பே நாற்றம். ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. பெங்களூரில் நல்ல மழை என்று நேற்று டிவியில் சொன்னார்கள். அங்கே மழை, இங்கே ஆற்றில் நுரை. நெற்றிப்பொட்டில் விண்விண் என்று தெறிக்கிறது.

மதியம் போட்டோ கிளப் தம்பி பைக்கில் வந்து ஸ்லைடு ஷோ போட்டிக்கான பென் டிரைவ் கொடுத்துவிட்டுப் போனான். கூடவே மார்க் ஷீட். படம் 5, ஒலி 5, கருத்து 5. மொத்தம் 15. நடுவர்கள் மூன்று பேர். எந்த ஸ்லைடு ஷோவும் 8 நிமிடம் தாண்டக் கூடாது. 12-ஆம் தேதிக்குள் மார்க் போய்ச் சேர வேண்டும். 17-ஆம் தேதி ஓசூரில் திரையிடல்.

நடுவர். என் பேருக்கு முன்னால் திருமதி போட்டு டைப் அடித்திருக்கிறார்கள். திரும்பத் திரும்பப் படித்தேன். சந்தோஷம்தான். வேறென்ன.

ஆகஸ்ட் 4, திங்கள்

மூன்று பார்த்தேன். நந்தி மலையில் சூரிய உதயம். ஒகேனக்கல். யாரோ வீட்டுக் கல்யாணம். மூன்றிலும் ஒரே பியானோ. மார்க் போடுவது சுலபமாகத்தான் இருக்கிறது. 9, 9, 10. கை தானாகப் போகிறது. வருஷக்கணக்காக இன்ஸ்பெக்‌ஷனில் இருந்த கை. லூப் வைத்துப் பல்சக்கரம் பார்த்த கண். ஓகே, ஓகே, ரிஜெக்ட், ஓகே.

கண்ணுக்குச் சொட்டு மருந்து விடாமல் படுத்துவிட்டேன். எழுந்து விட்டுக்கொண்டேன். எரிகிறது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நம்ம அணை! ஆறாவது ஷோ முழுக்கக் கெலவரப்பள்ளி நுரைதான். ட்ரோன் விட்டு எடுத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஆறே தெரியவில்லை, வெள்ளை மட்டும். அதன்மேல் காலை வெயில். ஓரத்தில் ஒற்றைக் கொக்கு. சந்தூர் வாத்தியம். ஒரு படத்திலாவது ஃபோகஸ் தப்பியிருக்குமா என்று தேடினேன். இல்லை. 5, 4, 4. 13 போட்டேன்.

ராத்திரி சாப்பிடும்போது அந்தக் கொக்கு ஞாபகம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. அது எந்தத் தண்ணீரில் நிற்கிறது என்று அந்த எட்டு நிமிடத்தில் எங்கேயும் இல்லை. சந்தூருக்கு நாற்றம் கிடையாது.

ஆனாலும் படம் நல்ல படம். 13 இருக்கட்டும்.

ஆகஸ்ட் 6, புதன்

நடந்தே அணைக்குப் போனேன். முழங்கால் கெஞ்சியது. மொத்த உயரம் 44.28 அடி, தண்ணீர் கிட்டத்தட்ட முட்டிக்கொண்டு நிற்கிறது. ஷட்டர் வழியாக விழுகிற இடத்தில் கடைந்த மாதிரி வெள்ளை எழும்புகிறது. நந்தி மலையில் பிறந்து வருகிற ஆறு. வழியில் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் சாக்கடையும் சோப்பும் சேர்ந்துகொள்கின்றன. ஒரு பெரிய ஊர் குளித்துத் துவைத்த அழுக்கு எல்லை தாண்டி நம் வயலுக்கு வருகிறது.

தரைப்பாலத்தை நுரை மூடிவிட்டது. ஒரு பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். காற்று அடிக்கும்போது பிய்ந்து பறந்து தக்காளிச் செடியில் ஒட்டுகிறது. ஒரு சின்னப் பையன் கையில் அள்ளிக்கொண்டு ஓடினான். டேய் போடுடா என்று கத்தினேன். சிரித்தான்.

கேமரா எடுத்துப் போகவில்லை. வேண்டுமென்றேதான்.

ஆகஸ்ட் 7, வியாழன்

பன்னிரண்டாவது ஷோ. இதுவும் நுரை.

போனில் எடுத்த படங்கள். பாதி மங்கல். இசை கிடையாது. போர் மோட்டார் ஓடுகிற சத்தம், அதன்மேல் ஒரு பாட்டியின் தெலுங்கு. வாய்க்கால் தண்ணீரில் முன்பு என்னென்ன போட்டோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். நெல். ராகி. கொத்தமல்லி. ஒவ்வொரு பேருக்கும் ஒரு படம். அவள் கை. அளக்கிற படி. வாய்க்கால் கரை. ஒன்றுமே இல்லாத ஒரு வயல். நடுவில் திரை நாலைந்து நொடி கறுப்பாகிவிடுகிறது. பழுது என்று நினைத்து மவுஸில் கை வைத்தேன். இருட்டிலும் மோட்டார் ஓடுகிறது. அப்புறம் அவள் கால். தோல் வெடித்த கால். முடிந்துவிட்டது.

மறுபடி ஓட்டினேன். மறுபடியும்.

படம் 5-க்கு 2. அதற்கு மேல் போட வழியில்லை. வானம் வெந்து வெள்ளையாகக் கிடக்கிறது, ஃபோகஸ் இல்லை. ஒலி? கருத்து? பேனா நகரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா கறிவேப்பிலை கேட்டு வந்தாள். என்ன அழுதியா என்றாள். சொட்டு மருந்து என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

அந்தக் கறுப்பை எந்தக் கட்டத்தில் போடுவது? அது படமும் கிடையாது, ஒலியும் கிடையாது. ஆனால் அந்த நாலு நொடி இல்லாவிட்டால் கால் வெறும் கால். ஸ்லைடு ஷோவில் உயிர் இருப்பதே ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில்தான். அந்த நடுவுக்கு ஷீட்டில் கட்டம் இல்லை.

கம்பெனியில் அளவு அறையை எப்போதும் 20 டிகிரியில் வைத்திருப்போம். உலகம் முழுக்க அதே 20. சூட்டில் இரும்பு நீளும். மைக்ரோமீட்டர்மேல் சந்தேகம் வந்தால் ஸ்லிப் கேஜை வைத்துச் சரிபார்ப்போம். என்னை எதை வைத்துச் சரிபார்ப்பது? திங்கட்கிழமை 9 போட்ட ஒகேனக்கலுக்கு இன்று 6 கூடப் போட மாட்டேன். ஒகேனக்கல் மாறவில்லை. நான்தான் நடுவில் பன்னிரண்டாவதைப் பார்த்துவிட்டேன்.

நாற்றம் குறைந்திருக்கிறது. அல்லது மூக்கு பழகிவிட்டது.

ஆகஸ்ட் 9, சனி

செயலாளர் போன். "மேடம், மத்தவங்க மார்க் எல்லாம் வந்தாச்சு. நீங்கதான் பாக்கி."

பன்னிரண்டாவதுக்கு என்ன வந்தது என்று கேட்டேன். சொல்லக் கூடாதுதான் என்று சொல்லிக்கொண்டே சொன்னார். ஒருவர் 12. இன்னொருவர் 4. "ஆவரேஜ் பண்ணிடலாம் மேடம். அதுக்குத்தானே மூணு பேரு."

12-க்கும் 4-க்கும் ஆவரேஜ் 8. அந்த 8-ஐ மனதில் நினைத்தவர் யாருமே இல்லை. ஒரே உருப்படியை ஒரு கருவி 12 என்றும் இன்னொன்று 4 என்றும் காட்டினால் நாங்கள் ஆவரேஜ் எடுக்க மாட்டோம். இரண்டையும் காலிபரேஷனுக்கு அனுப்புவோம். போனில் இதைச் சொல்லவில்லை. சரிங்க என்று வைத்துவிட்டேன். அப்புறம் அடுப்படியில் நின்று சத்தமாகச் சொன்னேன். குக்கர் கேட்டது.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பரணில் இருந்து கோடக் கரோசல் புரொஜெக்டரை இறக்கினேன். தூசியில் தும்மல் நிற்கவில்லை. வட்டத் தட்டில் 80 ஸ்லைடு. இந்த மெஷின் செய்வதையே 2004-ல் நிறுத்திவிட்டார்கள். பல்பு உயிரோடு இல்லை. ஸ்லைடுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கம்பெனி பஸ்ஸில் முதல் ஷிப்ட் போகிற பெண்கள். பனி. ஜன்னல் கம்பியில் சாய்ந்த தலைகள். மல்லிகைப்பூ. எனக்குத் தெரிந்த முகங்கள் எல்லாம். பாதிக்குப் பூஞ்சை.

1996-ல் போட்டிக்குக் கொடுத்தேன். 11.

15-க்கு 11. எது பிடித்தது, எங்கே அலுத்தது, எந்த இடத்தில் ஒருவராவது தன் அக்கா தங்கையை நினைத்தார், ஒன்றும் தெரியாது. ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு துண்டுச் சீட்டு, அதில் 11. படங்களுக்குப் பூஞ்சை பிடித்துவிட்டது, அந்த 11-க்குப் பிடிக்கவில்லை.

போட்டோகிராபர் டி.என்.ஏ. பெருமாள் பெங்களூரில் எத்தனை பேருக்குக் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவரும் தன் குரு எட்வர்ட்ஸிடம் அப்படிக் கற்றுக்கொண்டவர். காட்டு விலங்குப் படங்களில் நம் ஆளுக்கு அத்தனை பெயர். சர்வதேசக் கண்காட்சிகளுக்கு அனுப்பியவர்தான், பட்டங்கள் வாங்கியவர்தான். ஆனால் 2017-ல் அவர் போனபோது சிஷ்யர்கள் நினைத்து நினைத்துச் சொன்னது அவர் சொல்லிக்கொடுத்த விதத்தைத்தான்.

11. இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஆகஸ்ட் 11, திங்கள்

சாயந்திரம் பாகலூர் ரோட்டிலிருந்து படம் எடுக்கிற ஒரு பெண் வந்தாள். ஹாஸ்டலில் தங்கி வேலைக்குப் போகிறவள். ஷிப்ட் முடிந்து நேராக வந்திருக்கிறாள், ஐடி கார்டு கழுத்திலேயே. இந்த வருஷம் போட்டிக்கு அனுப்பவில்லை. மார்க்கே வேண்டாம் என்று எழுதப்போகிறேன் என்றேன். முகம் மாறிவிட்டது.

"அக்கா, மார்க் இல்லேன்னா யாரு ஜெயிப்பாங்க தெரியுமா? கமிட்டிக்குத் தெரிஞ்சவங்க. மைக்ல சத்தமா பேசறவங்க. போன வருஷம் பேரை மறைச்சு மார்க் போட்டதாலதான் நான் உள்ள வந்தேன்."

வாயடைத்துப் போனேன்.

அவளுக்கு ஏ.எஃப்.ஐ.ஏ.பி. பட்டம் வேண்டும். 1950-ல் தொடங்கிய உலகப் புகைப்படக்கலைச் சம்மேளனம் கொடுப்பது. எத்தனை கண்காட்சியில் எத்தனை படம் ஏற்றார்கள் என்று எண்ணித்தான் அதைக் கொடுப்பார்கள். பேருக்குப் பின்னால் அந்த எழுத்து வந்தால் அப்பா கேமராவைப் பற்றிப் பேச மாட்டார் என்கிறாள். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? மார்க் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றுகிறது.

ராத்திரி 1 மணி. தூக்கமில்லை. அவளை உள்ளே கொண்டுவந்தது பேரை மறைத்தது. மார்க் இல்லை. பேரை மறைத்துவிட்டே ஒரு பக்கம் எழுதலாமே. பேரை மறைத்துவிட்டே ஏற்கலாம், வேண்டாம் என்று சொல்லலாமே. அவள் எதிரில் இருக்கும்போது இது வாயில் வரவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மார்க் இன்று போக வேண்டும். போகவில்லை. தொண்டை கரகரப்பு, லேசான காய்ச்சல். மிளகு ரசம் மட்டும்.

மகன் அனுப்பிவைத்த பிரெஞ்சுப் படம் பார்த்தேன். லா ஜெத்தே. கிரிஸ் மார்க்கர், 1962. 28 நிமிடம், ஏறக்குறைய எல்லாமே நிற்கிற படங்கள்தான். ஒரே ஓர் இடத்தில் படுத்திருக்கும் பெண் கண்ணைத் திறந்து இமைக்கிறாள். அது மட்டும் அசைகிறது. எனக்கு மூச்சு நின்றுவிட்டது. அந்த இமைப்புக்காகத்தான் மற்ற எல்லாமே நின்றுகொண்டிருக்கின்றன. நம் விதிப்படி இது 8 நிமிடம் தாண்டியது. உறையைக்கூடப் பிரிக்க மாட்டோம்.

செயலாளர் மிஸ்டு கால். எடுக்கவில்லை. மறுபடியும். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

காய்ச்சல் இறங்கிவிட்டது. போட்ட மார்க்கை எல்லாம் அடித்தேன். 13 உட்பட. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கையால்.

எழுத உட்கார்ந்தால்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒகேனக்கலில் ஐந்தாவது நிமிடத்தில் பரிசல்காரர் துடுப்பைப் பிடித்திருக்கும் கை வருகிறது, சுண்டுவிரல் இல்லை. திங்கட்கிழமை 9 போட்டபோது இந்தக் கை கண்ணில் படவேயில்லை. அந்தக் கையைத் தொடர்ந்து போங்கள் என்று எழுதினேன். ட்ரோன்காரருக்கு: உங்கள் கொக்கு எதில் நிற்கிறது? இந்த ஊரில் இருக்கிறவளாகக் கேட்கிறேன். கடுமையாக இருக்கிறதோ. இருக்கட்டும். கல்யாணத்துக்கு எதுவும் வரவில்லை. இரண்டு வரி. பொய்யாக மூன்றாவது வரி எழுத முடியாது.

பன்னிரண்டாவதுக்குக் கடைசியாக எழுதினேன். கறுப்புத் திரையைப் பற்றி முழுப் பத்தி. கடைசிக்கு முந்திய வாய்க்கால் படம் வேண்டாம், எடுத்துவிடுங்கள், கறுப்பிலிருந்து நேரே காலுக்கு வாருங்கள் என்றும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மணிக்கட்டு வீங்கிவிட்டது. தைலம். இன்னும் நாலு பாக்கி. செயலாளரிடம் நாளைக்கு என்று சொன்னேன். பெருமூச்சு விட்டார், போனிலேயே கேட்டது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

செயலாளர் கொடி ஏற்றிவிட்டு அப்படியே வந்தாராம். வாசலில் நின்றே புரட்டினார்.

"மார்க் கட்டம் காலியா இருக்கே மேடம்."

"ஏற்கலாம், வேண்டாம். அது மட்டும் எழுதியிருக்கேன். மத்தது அந்தப் பக்கத்துல இருக்கு."

"அப்போ கோப்பையை யாருக்குக் குடுக்கறது?"

பதில் சொல்லவில்லை. டீ போட்டேன். பாதி குடித்தார். நல்ல மனிதர்தான், ஹால் வாடகையைக் கைக்காசிலிருந்து கொடுத்திருக்கிறார். அவர் கவலை அவருக்கு. ஆனால் என் பக்கங்களைச் சுருட்டிப் பையில் திணித்தபோது வலித்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஹாலில் ஃபேன் இரண்டுதான் ஓடியது. புடவை முதுகில் ஒட்டிக்கொண்டது.

மற்ற இருவர் மார்க்கை வைத்து முடிவு செய்துவிட்டார்கள். ட்ரோன் நுரைக்கு முதல் பரிசு. பெரிய திரையில் கொக்கு வந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அழகுதான், என்ன செய்ய.

பன்னிரண்டாவதுக்குப் பரிசு இல்லை. கறுப்புத் திரை வந்தபோது பின்வரிசையில் ஒருவர் "கரெண்ட்டு போச்சு" என்றார். மோட்டார் சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அப்புறம் கால் வந்தது. அவர் அதற்கப்புறம் பேசவில்லை.

வெளியே படிக்கட்டில் பன்னிரண்டாவதை எடுத்த பையன். இருபது வயது இருக்கும். என் பக்கத்தை மடித்து வைத்திருந்தான். மூலைகள் அழுக்காகியிருந்தன. "மேடம், எந்த வாய்க்கால் படம்?" என்றான். போனில் எடுத்துக் காட்டினேன். தலையை ஆட்டினான். "அது எடுக்க மாட்டேன். அது எங்க தாத்தா வெட்டினது."

அப்படியென்றால் பாட்டி குரலில் அதைச் சொல்ல வையுங்கள், எங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். சொன்னாள், வெட்டிவிட்டேன், 8 நிமிடம் தாண்டிவிட்டது என்றான். அரைமணி நேரம் அங்கேயே நின்று பேசினோம். கால் மரத்துப்போனது. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ட்ரோன்காரர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவரும் படித்திருக்கிறார்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உலகப் புகைப்பட நாள். 1839-ல் இதே தேதியில் பாரிஸில் டாகரின் புகைப்பட முறையை வெளியிட்டார்கள். வாட்ஸ்அப் முழுக்க வாழ்த்து. நாற்றம் மறுபடி தொடங்கிவிட்டது.

செயலாளருக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். அடுத்த வருஷ விதிகளில் சேர்க்கச் சொல்லி:

போட்டியாளர் பெயர் நடுவருக்குத் தெரியக் கூடாது, இப்போது போலவே. ஏற்பு உண்டா இல்லையா என்று மட்டும் நடுவர் சொல்லட்டும். மார்க் கட்டங்களை எடுத்துவிடுங்கள். 8 நிமிடத்தை 12 ஆக்குங்கள். கோப்பை கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மூன்று நடுவரும் ஒரே அறையில் உட்கார்ந்து மறுபடி பார்த்து, பேசி, சண்டை போட்டு முடிவு செய்யட்டும். ஒவ்வொரு ஷோவுக்கும் நடுவர் ஒரு பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லாதவர்களை நடுவராகக் கூப்பிடாதீர்கள்.