யாருக்கு இந்த ரயில்?

மாதிரி ரயில் வைத்திருப்பவர்கள் மத்தியில் ‘ரெடி டு ரன்’ என்று ஒரு சொல் உண்டு. பெட்டியைத் திறந்து, என்ஜினைத் தண்டவாளத்தில் வைத்து, மின்சாரம் கொடுத்தால் ஓடும். வண்ணம் அடிக்க வேண்டாம், ஈயம் பற்றவைக்க வேண்டாம். இன்னொரு வகை ‘கிட்’. பித்தளைத் தகடாகவோ பிளாஸ்டிக் துண்டுகளாகவோ வரும். வாங்கியவர் அதை வெட்டி, ராவி, ஒட்டி, பூசி ரயிலாக்கிக்கொள்ள வேண்டும். இந்தப் பொழுதுபோக்கில் மூத்தவர்கள் பலருக்குக் கிட்தான் கௌரவம். ‘ரெடி டு ரன்’ வாங்குகிறவர்கள் அவர்கள் பார்வையில் வெறும் வாடிக்கையாளர்கள்.

நான் அந்த வாடிக்கையாளர்களில் ஒருத்தி. ஓடத் தயாராக ரயில் செய்து அனுப்புகிற கம்பெனிகளுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அந்த நன்றியை யார் யாருக்குப் பிரித்துக் கொடுப்பது என்பதில் கொஞ்சம் கணக்கு இருக்கிறது. நான் கணக்கு டீச்சர், போட்டுப் பார்த்துவிடலாம்.

எங்கள் ஊர் சாகுபுரம். ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவில், காஸ்டிக் சோடா தொழிற்சாலையை ஒட்டி எழுந்த குடியிருப்பு. வெளியே வந்தால் உப்பளம், அதைத் தாண்டினால் கடல். பக்கத்திலேயே திருநெல்வேலி–திருச்செந்தூர் ரயில் பாதை. 1923இல் போட்ட மீட்டர்கேஜ் பாதை அது, 2008இல்தான் அகலப்பாதையானது. மாசித் திருவிழாவுக்கும் சூரசம்ஹாரத்துக்கும் கூட்டம் பிதுங்கி வழிய அந்தச் சின்ன வண்டி குரும்பூர் தாண்டி வருவதைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

என் மாதிரி ரயில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஆறடி நீளம், இரண்டரை அடி அகலத்தில் ஒரு பலகை. அதில் நீள்வட்டமாகப் பாதை, ஒரு நடைமேடை. கணவருக்கு பி ஷிப்ட் வரும் வாரங்களில், மறுநாளுக்குக் காய் நறுக்கி வைத்துவிட்டு ஒன்பதேகாலுக்குப் பலகையை இழுப்பேன். அவர் வீடு வர பத்தரை ஆகும். அதற்குள் நோட்டும் திருத்த வேண்டும். ஆக எனக்கு இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷமும் ரயில் ஓடும். கிட் என்றால் அந்த நேரத்தில் மேசையைத் துடைத்துச் சாமான்களை எடுத்து வைக்கவே முடியும்.

கிட் கட்ட என்னென்ன வேண்டும் என்று எழுதிப் பாருங்கள். பற்றவைக்கும் கருவி, அரம், குறடு, வண்ணம் பீய்ச்சும் கருவி. இவற்றைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். பிறகு, பாதியில் விட்ட வேலை மறுநாள்வரை கலையாமல் கிடக்க ஒரு மேசை வேண்டும். சாத்திக்கொள்ள ஓர் அறை வேண்டும். மூன்று மணி நேரம் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடாத ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். 2019இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிஷம் செலவிட்டார்கள். ஈடுபடும் ஆண்கள் 97 நிமிஷம். இந்த இரண்டு எண்களையும் கழித்தால் வருவது 202. ஒரு பித்தளை என்ஜின் அந்த 202க்குள்தான் எங்கோ கட்டப்படுகிறது.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு பெரியவர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கையாலேயே என்ஜின் கட்டுகிறவர் என்று கேள்விப்பட்டுப் போனேன். அபாரமான கை. சக்கரத்தை இணைக்கும் தண்டுகளை ஒரு நூல் பிசகாமல் ராவியிருந்தார். நான் ரெடிமேட் வாங்கி ஓட்டுவதாகச் சொன்னதும் சிரித்தார். “அது என்னம்மா, கடையில இட்லி வாங்கித் திங்குத மாதிரி!” இரண்டு மணி நேரம் இருந்தேன். அவர் மனைவி இரண்டு தரம் காபி கொண்டுவந்தார், ஒரு தரம் வடை, கடைசியில் தரையில் கிடந்த பித்தளைத் தூளைக் கூட்டி அள்ளினார். அடுப்படிக்கு டம்ளரைக் கொண்டுபோய் வைத்தபோது என்னிடம் கேட்டார்: “நெசமாவே அது ஓடுமா தாயி? நான் பெருக்க மட்டுந்தான் அந்த ரூமுக்குள்ள போவேன்.”

கடை இட்லி என்று அவர் சொன்னது சரியான உவமைதான். பாக்கெட் மாவு வந்த புதிதில் அதை வாங்கிய பெண்களுக்கு என்னென்ன பெயர் கிடைத்தது என்பது நமக்குத் தெரியும். சோம்பேறி, பிள்ளைகளுக்கு நல்லது பொல்லாதது பார்க்காதவள். அரிசி ஊறப்போட்டு, உளுந்து களைந்து, அரைத்து, கிரைண்டரைக் கழுவிக் கவிழ்க்கும் இரண்டு மணி நேரத்தை அந்தப் பாக்கெட் மிச்சப்படுத்தியது. ஒரு வேலையைக் குறைக்கிற பொருள் பெண் கைக்கு வந்தால் அதற்குப் பெயர் சோம்பல். அதே வேலையை ஆண் தன் விருப்பத்துக்குக் கூட்டிக்கொண்டால் அதற்குப் பெயர் கலை. கையால் செய்வதை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்தத் தண்டுகளின் அழகு இன்னும் கண்ணில் இருக்கிறது. ஆனால் ரயிலை நேசிக்க அது ஒன்றே வழி என்றால், நேரம் உள்ளவர்கள் மட்டுமே நேசிக்கலாம் என்றாகிவிடும்.

என் ரயில் வந்த கதைக்கு வருகிறேன். சீட்டு எடுத்த பணத்தை ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் அண்ணன் மகனிடம் கொடுத்து, ஊருக்கு வரும்போது வாங்கி வரச் சொன்னேன். “அத்தை, யாருக்கு?” என்றான். எனக்கு என்றேன். பெட்டி வந்த அன்று மைனி கேட்டாள்: “பேரன் பேத்தி வரப்போறாவன்னு இப்பமே வாங்கி வச்சிருக்கியா?” பக்கத்துக் குவார்ட்டர்ஸ் அக்காவும் அதையே கேட்டார். பட்டுப்புடவை வாங்கினால் யாருக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை. ஐம்பது வயதுப் பெண் ரயில் வாங்கினால், அது ஒரு ஆண் குழந்தைக்கு, பிறந்திராவிட்டாலும் பிறக்கப்போகிற ஆண் குழந்தைக்கு என்பது அவர்கள் முடிவு.

இந்த முடிவுக்குப் பின்னால் நூறு வருஷத்து விற்பனை இருக்கிறது. இங்கிலாந்தில் பிராங்க் ஹார்ன்பி 1920இல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்களைக் கொண்டுவந்தபோதும், அவர் கம்பெனி 1938இல் ‘ஹார்ன்பி டப்ளோ’ என்ற சிறிய ரயில்களைக் கொண்டுவந்தபோதும், விளம்பரங்கள் பையன்களையும் அப்பாக்களையும் பார்த்தே பேசின. அமெரிக்காவில் லயோனல் கம்பெனிக்கு 1957இல் பெண்பிள்ளைகள் நினைவு வந்தது. ரோஸ் நிற என்ஜினும் வெளிர்நிறப் பெட்டிகளுமாக ஒரு ரயிலை விற்பனைக்கு விட்டார்கள். அது போணியாகவில்லை. ரயில் கேட்ட பெண்பிள்ளைக்கு வேண்டியிருந்தது ரயில் மாதிரியே இருக்கும் ரயில். இன்று அந்த ரோஸ் ரயில் சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அபூர்வப் பொருளாகிவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், மாதிரி ரயிலின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் நாம் போய் நிற்பது சொப்புச் சாமானில். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் கோப்பிங்கன் என்ற ஊரில் 1859இல் தொடங்கியது மேர்க்லின் கம்பெனி. தியோடோர் மேர்க்லின் முதலில் தகரத்தில் செய்தது ரயில் அல்ல, பொம்மை வீட்டு அடுப்படிப் பாத்திரங்கள். திருச்செந்தூர்க் கடைகளில் ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில் தொங்குமே, அதே சொப்பு. அவற்றை ஊர் ஊராக எடுத்துப்போய் விற்றவர் அவர் மனைவி கரோலினே. தெற்கு ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் ஒரு பெண் தனியாகப் பயணம் போய் ஆர்டர் பிடிப்பது அந்தக் காலத்தில் கேள்விப்படாத விஷயம். 1866இல் கணவர் இறந்தார். கரோலினே கம்பெனியை மூடவில்லை. மறுமணம் செய்துகொண்ட பிறகும், மகன்கள் தலையெடுக்கும்வரை இருபது வருஷத்துக்கு மேல் அதை இழுத்துப் பிடித்து நடத்தினார். 1888இல் மகன்கள் பொறுப்பேற்றார்கள். கம்பெனிக்கு வந்த பெயர் ‘மேர்க்லின் சகோதரர்கள்’.

1891இல் லைப்சிக் சந்தையில் அவர்கள் சாவி ரயிலையும், அளவு நிர்ணயித்த தண்டவாளங்களையும் காட்டினார்கள். அதில் இருந்த வியாபார யோசனை பொம்மை வீட்டில் இருந்து வந்ததுதான். முதலில் ஒரு வீடு வாங்கு, அப்புறம் பிறந்தநாளுக்கு ஒரு அடுப்பு, திருநாளுக்கு ஒரு அலமாரி. ரயிலிலும் அப்படியே: முதலில் என்ஜினும் வட்டப்பாதையும், அப்புறம் ஒரு பெட்டி, அப்புறம் ஒரு ஸ்டேஷன். சொப்பு விற்ற அறிவில்தான் மாதிரி ரயில் தொழில் கால் ஊன்றியது.

நான் வாங்கிய என்ஜின் மேர்க்லின் அல்ல, அதே வட்டாரத்து பெமோ கம்பெனியுடையது. காரணம் எங்கள் ஊர்ப் பாதை. உலகத்தில் அதிகம் கிடைக்கிற மாதிரி ரயில் 1:87 அளவு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். நிஜத்தில் 1435 மில்லிமீட்டர் அகலமுள்ள ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்குச் சரியான கணக்கு அது. நம் அகலப்பாதை 1676; அதை 87ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வரும். நான் பார்த்து வளர்ந்த மீட்டர்கேஜுக்குப் பதினொன்றரை. திருச்செந்தூர் வண்டியை இழுத்த என்ஜினை ஓடத் தயாராகச் செய்து விற்கும் ஒரு கம்பெனியும் என் கைக்கு எட்டிய விலைப்பட்டியல்களில் இல்லை. பெமோ ஸ்விட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் ரயில்களை 12 மில்லிமீட்டர் பாதையில் செய்கிறது. ஆல்ப்ஸ் மலையில் ஓடும் சிவப்பு என்ஜின்தான், ஆனால் பாதை நம் பாதை. நீலகிரி மலை ரயிலும் மீட்டர்கேஜ்தான், அதன் பழைய என்ஜின்கள் ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூரில் செய்தவைதான் என்று மைனியிடம் உறவு சொல்லி வைத்திருக்கிறேன். எது தயாராகக் கிடைக்கும் என்பதை வாங்கும் சக்தி உள்ளவர்களின் சின்ன வயது ஞாபகம் தீர்மானிக்கிறது. ஆறுமுகநேரி ஸ்டேஷனை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் அந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை.

இனி நன்றிக் கணக்கின் கடைசி வரி. ஒரு என்ஜினைத் தலைகீழாகத் திருப்பிப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ரோமம் போன்ற கைப்பிடிக் கம்பி, எறும்பு அளவு எண்கள், கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர் இருக்கை. உடலை வார்ப்பது இயந்திரம். கம்பியைத் துளையில் செருகுவது விரல். 1990களில் ஹார்ன்பி தன் உற்பத்தியை இங்கிலாந்தின் மார்கேட் நகரில் இருந்து சீனாவுக்கு மாற்றியது. அங்கே முத்தாற்றுக் கழிமுக நகரங்களின் பொம்மை ஆலைகளை நிரப்பியவர்கள் கிராமங்களில் இருந்து வந்த இளம்பெண்கள். அவர்களுக்குச் சீனத்தில் ஒரு பெயர் உண்டு: தாகோங்மெய், கூலிக்கு வேலை செய்யும் தங்கை. ‘ரெடி டு ரன்’ என்றால் வேலை இல்லாமல் ஆன பொருள் என்று அர்த்தம் இல்லை. எனக்கு மிச்சமான மணி நேரங்களை இன்னொருத்தி உட்கார்ந்து கழித்திருக்கிறாள்.

1993 மே 10 அன்று தாய்லாந்தின் நகோன் பாதோம் மாகாணத்தில் கேடர் பொம்மைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. 188 பேர் இறந்தார்கள், மிகப் பெரும்பாலோர் இளம்பெண்கள். இரும்புத் தூண்களுக்குத் தீக்காப்பு இல்லை. சூட்டில் வளைந்து கட்டடம் சீக்கிரமே சரிந்தது. மேல்மாடிகளில் இருந்து பெண்கள் குதித்தார்கள். அங்கே செய்தது துணிப் பொம்மைகளும் பிளாஸ்டிக் பொம்மைகளும், ரயில் அல்ல. ஆனால் அந்த ஆலையில் பங்கு வைத்திருந்த ஹாங்காங் கேடர் குழுமத்திடம்தான் 1987இல் இருந்து பாக்மன் மாதிரி ரயில் கம்பெனி இருக்கிறது. நன்றி சொல்கிறவர்கள் இந்தத் தேதியையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாகுபுரத்துக்காரிக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டும் ‘ரெடி’ பொருள்தான். எங்கள் பக்கத்து உப்பளங்களில் விடியும் முன்னே இறங்கி, உப்பு வாரி, மேட்டில் சுமந்து கொட்டுகிற பெண்களின் பாதம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவர்கள் பிள்ளைகள் என் வகுப்பில் படிக்கிறார்கள். பாக்கெட்டைப் பிரிக்கிறவர் யாரும் அவர்களை நினைப்பதில்லை, நினைத்தே ஆகவேண்டிய கட்டாயத்தில் பாக்கெட்டும் வைக்கவில்லை.

அதனால் வாங்காதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. மாவுப் பாக்கெட்டை விட்டுவிட்டு ஆட்டுக்கல்லுக்குத் திரும்பினால் உளுந்து விளைவித்தவளுக்கு ஒரு பைசா கூடாது. எனக்கு அந்த இருபது நிமிஷம் வேண்டும். அதைச் செய்து கொடுத்தவளுக்கும் நல்ல சம்பளமும், திறந்து கிடக்கும் கதவும், அவளுக்கென்று ஒரு இருபது நிமிஷமும் வேண்டும். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. என்ஜின் விலை ஏறிவிட்டது என்று கூட்டாளிகள் புலம்பும்போது, அதில் எத்தனை பங்கு கம்பி செருகியவளுக்குப் போகிறது என்று கேட்கிறேன்.

ஏழாம் வகுப்புக்கு விகிதம் நடத்தும்போது சிவப்பு என்ஜினை எடுத்துப் போவேன். ஸ்கேலால் அளந்து 87ஆல் பெருக்கி நிஜ நீளம் கண்டுபிடிக்க வேண்டும். பையன்கள் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்பார்கள். போன வருஷம் உப்பளத்தில் இருந்து வரும் ஒரு பிள்ளை கைப்பிடிக் கம்பியைத் தொடாமல் விரலை மட்டும் அருகே கொண்டுபோய், “டீச்சர், இத எந்தக் கண்ணு பாத்து மாட்டுச்சு?” என்றாள். தெரிந்தவரைக்கும் சொன்னேன். அன்று விகிதக் கணக்கு பாதியில் நின்றது. மறுநாள் முடித்தோம்.