உள்ளே எடுக்கும் நாள்

செப்டம்பர் பாதி தாண்டினால் கனடாவில் எங்கள் ஸ்காபரோ வீட்டில் ஆண்டுதோறும் ஒரே வழக்குத்தான். பின்வளவில் நிற்கும் பத்துச் சாடிகளும் உள்ளே வரவேண்டும். இரண்டு செவ்வரத்தை, மூன்று குரோட்டன், ஒரு எக்சோரா, நாலு மல்லிகை. மனைவி குசினி வாசலில் நின்று கேட்பாள்: “இஞ்சாருங்கோ, இந்த வீட்டில ஆக்கள் இருக்கிறதோ, மரங்கள் இருக்கிறதோ?” நான் வாய் திறப்பதில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சாடி தூக்குகிறவனுக்குப் பேச மூச்சு ஏது?

பகலில் இன்னும் வெயில் எறிக்கிறதே, ஏன் இந்த அவசரம் என்று வந்துபோகிறவர்கள் கேட்பார்கள். உறைபனி வரட்டும் என்று பார்த்திருந்தால் பிறகு விறகைத்தான் உள்ளே எடுக்கலாம். வெப்பமண்டலச் செடி வாடுவதற்குத் தண்ணீர் உறைகிற அளவு குளிர் வேண்டியதில்லை. இரவு 10 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினாலே அதற்குச் சுகமில்லாமல் போய்விடும். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள் கட்டிபடுவதைப் பார்த்திருப்பீர்கள். செடியின் கலங்களைச் சுற்றியிருக்கும் மென்சவ்வில் உள்ள கொழுப்பும் ஏறக்குறைய அப்படித்தான் இறுகுகிறது. இறுகியபின் உள்ளே இருக்கவேண்டியது வெளியே கசியும், வேர் தண்ணீர் இழுக்காது. மண் ஈரமாய்க் கிடக்க இலை தாகத்தில் தொங்கும். தெருவில் நிற்கிற மேப்பிளுக்கு இந்தக் கவலை இல்லை. இலையுதிர்காலத்திலேயே அது தன் உடம்பைக் குளிருக்குப் பழக்கிவிடும். குரோட்டனுக்கு அந்தப் பழக்கம் தெரியாது. மொலுக்காஸ் தீவுப் பக்கத்துக் காடுகளில் அதற்கு அப்படி ஒரு தேவை வந்ததே இல்லை.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதல் வருடம், மே மாதத்து முதல் கிழமையில் ஒரு நாள் 20 பாகை அடித்தது. சனங்கள் அரைக்காற்சட்டையோடு தெருவில் திரிந்தார்கள். நானும் சந்தோசத்தில் எல்லாச் சாடியையும் வெளியே இழுத்து வைத்தேன். மூன்றாம் இரவு 3 பாகை. விடியப் பார்த்தால் செவ்வரத்தை இலைகள் வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்திருந்தன. பக்கத்து வீட்டு இத்தாலிக் கிழவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். அவர் வருடா வருடம் தன் அத்தி மரத்தை வளைத்து, குழி வெட்டிப் படுக்க வைத்து, மேலே பலகையும் மண்ணும் போட்டு மூடி, வசந்தத்தில் எழுப்புகிறவர். அவர் சொன்னது ஒன்றுதான்: விக்ரோறியா நாள் கழியட்டும். அது மே 25க்கு முன்வரும் திங்கட்கிழமை. இந்த ஊர்த் தோட்டக்காரருக்கு அதுதான் பஞ்சாங்கம்.

அடுத்த வருடம் அந்த நாளுக்குக் காத்திருந்தேன். குளிர் ஒன்றும் செய்யவில்லை, வெயில் சுட்டது. எட்டு மாதம் யன்னலடியில் இருந்த இலையை ஒரேயடியாக முழு வெயிலில் வைத்தால் வெள்ளை வெள்ளையாய்க் கருகும். முதலில் நிழல், பிறகு காலை வெயில், பத்து நாள் கழித்துத்தான் முற்றம்.

என் செடிகளை அகதிகளோடு ஒப்பிட்டுக் கவிதை எழுதிய நண்பர் ஒருவர் இருக்கிறார். சொந்த மண்ணைப் பிரிந்து கண்ணாடிக்குப் பின்னால் ஏங்குகின்றனவாம். நல்ல மனுசன், ஆனால் ஒரு சாடிக்குக்கூடத் தண்ணீர் ஊற்றியவர் இல்லை. குரோட்டனுக்குப் புலம்பெயர் சோகம் ஒன்றும் கிடையாது. அதன் துன்பம் சிலந்திப்பேன்.

ஊரில் மட்டும் எல்லாம் அதனதன் இடத்திலா நின்றன? யாழ்ப்பாணத்தில் எங்கள் கிணற்றடியில் அம்மா ஒரு அந்தூரியம் வைத்திருந்தா. கண்டியில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்தது. மலைநாட்டு ஈரத்துக்குப் பழகிய செடி. சோளகம் எழும்பினால் அந்த வறண்ட காற்றில் இலை ஓரமெல்லாம் தீய்ந்துவிடும். அம்மா அதைச் சுற்றிக் கிடுகு கட்டி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, தென்னந்தும்பில் நட்டு வளர்த்தா. எங்கள் கிணறு சுண்ணாம்புக் கல்லில் வெட்டியது, கேத்திலின் அடியில் வெள்ளைப் படை படியும். அந்தத் தண்ணீர் அதற்குக் கூடாதென்று மழைத் தண்ணீரை ஒரு மண்குடத்தில் தனியாகச் சேர்ப்பா. “தம்பி, அது பூ மரமில்லை, வீட்டுக்கு வந்த விருந்தாள்” என்பா. வருடத்துக்கு நாலு பூப் பூத்திருந்தால் அதிகம்.

அந்த மண்குடம் இப்போது என் வீட்டில் பிளாஸ்ரிக் வாளியாக இருக்கிறது. ஒன்ராறியோ ஏரித் தண்ணீரிலும் கொஞ்சம் சுண்ணாம்பு உண்டு. எக்சோரா புளிப்பு மண் கேட்கிற செடி. சுண்ணாம்பு ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் அதனால் எடுக்க முடியாது, நரம்பு பச்சையாய் நிற்க இலை மஞ்சளாகும். ஆகவே பின்வளவுப் பனியை வாளியில் அள்ளி, உருகவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்தபின் ஊற்றுகிறேன். பனி உருக்கி எக்சோராவுக்கு ஊற்றுவேன் என்று கிணற்றடியில் நின்ற காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

உள்ளே வந்தபின் குளிர் எதிரியில்லை, வெளிச்சக் குறைவுதான். யாழ்ப்பாணத்தில் மார்கழியிலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. இங்கே டிசம்பரில் 9 மணித்தியாலம், அதிலும் பாதி நாள் முகில். செடி சாப்பிடுவது குறைகிறது, குடிப்பதும் குறையவேண்டும். இது விளங்காமல் நான் கொன்ற மல்லிகைகள் மூன்று. இலை கொட்டியதும் தாகமாக்கும் என்று ஊற்றினேன், இன்னும் கொட்டியது, இன்னும் ஊற்றினேன். கடைசியில் பிடுங்கிப் பார்த்தால் வேர் அழுகி நாறிற்று. இப்போது விரலை இரண்டங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்காமல் ஒரு சொட்டும் ஊற்றுவதில்லை. குரோட்டன் இடம் மாறியதும் கோபத்தில் இலையை உதிர்த்து மொட்டையாய் நிற்கும். அதைப் பார்த்தும் பாராததுபோல் இருக்கவேண்டும். ஹீற்றர் காற்றில் வீடு காய்ந்து போவதால் வருவதுதான் அந்தச் சிலந்திப்பேன். மாதம் இருமுறை குளியலறையில் வைத்து, இலையின் அடிப்பக்கத்தை இளஞ்சூட்டுத் தண்ணீரால் கழுவுகிறேன். மனைவியின் வழக்கு அப்போது இன்னொருமுறை விசாரணைக்கு வரும்.

வெட்டிய தடிகளை வேர் விடவைக்க ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் பையால் மூடி வைப்பேன். இந்த யுக்தி லண்டன் வைத்தியர் நதானியேல் வார்ட்டின் போத்தலை நினைவூட்டும். 1829இல், மூடிய போத்தலுக்குள் அவர் வைத்திருந்த அந்துப்பூச்சிக் கூட்டின் பக்கத்தில் ஒரு பன்னம் தானாக முளைத்தது. உள்ளிருந்த ஈரமே ஆவியாகித் திரும்பவும் மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அதைக் கண்டு அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் செடிகள் கடல் கடந்தன. 1876இல் கியூ தோட்டத்திலிருந்து இறப்பர் நாற்றுகள் இலங்கைக்கு வந்ததும் அப்படித்தான்.

பெப்ரவரியில் மனம் சலித்தால் அலன் கார்டன்ஸ் கண்ணாடித் தோட்டத்துக்குப் போவேன். 1910இல் கட்டிய பனை மாளிகை, நுழைவு இலவசம். கதவைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடி முழுக்க நீராவி படியும். ஒரு நிமிடம் ஒன்றும் தெரியாது, மண் வாசம் மட்டும் வரும். அந்த ஒரு நிமிடத்துக்காகவே பஸ் ஏறலாம்.

ஆனால் ஜூனில் நிலைமை தலைகீழ். இங்கே பகல் பதினைந்து மணித்தியாலத்துக்கு மேல், யாழ்ப்பாணத்தைவிட இரண்டரை மணித்தியாலம் கூட. மார்ச்சில் ஒட்ட வெட்டிய மல்லிகை புதுத் தளிர் விட்டு, ஜூலையில் ஒரே மூச்சில் பூக்கும். போன ஜூலையில் ஒரு பின்னேரம் 62 மொட்டு எண்ணினேன். மனைவி வழக்கைத் தள்ளி வைத்துவிட்டு ஊசியும் நூலும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

செவ்வரத்தைத் தடி வேண்டியவர்கள் மே கடைசியில் வாருங்கள், வெட்டித் தருகிறேன். சாடி தூக்க ஒரு கை தருவதென்றால் செப்டம்பரிலும் வரலாம்.