தீட்டும் தொற்றும்

வண்டலூரிலே, அறிஞர் அண்ணாவின் பெயர் தாங்கி நிற்கும் உயிரியல் பூங்காவிலே, 2021 சூன் 3ஆம் நாள் நீலா என்ற பெண் சிங்கம் மாண்டது. பதினொரு சிங்கங்களிடம் எடுத்த மாதிரிகள் போபால் ஆய்வகத்துக்குச் சென்றன. ஒன்பது சிங்கங்களுக்குக் கொரோனா என்று விடை வந்தது. அதே மாதத்தில் மற்றொரு சிங்கமும் மடிந்தது. கிருமியின் மரபுத் தொடரை ஆராய்ந்தபோது, ஊரெங்கும் மனிதரை வாட்டிக்கொண்டிருந்த அதே டெல்டா வகைதான் அது என்று தெரிந்தது.

சிங்கம் சந்தைக்குப் போகவில்லை. திருமணத்துக்குப் போகவில்லை. தேர்தல் கூட்டத்துக்கும் போகவில்லை! ஊரடங்கினால் பூங்காவின் வாயிலும் சாத்தியே கிடந்தது. பிறகு யார் தந்தது? மனிதர் வழியாகவன்றி அந்த நோய் கூண்டுக்குள் நுழைந்திருக்க வழியில்லை. 'விலங்கு மனிதனுக்குத் தந்த நோய்' என்று ஓராண்டுக்கும் மேலாக ஓயாமல் பேசிக்கொண்டிருந்த நாம், கூண்டிலே கிடந்த விலங்குக்கு அதே நோயைக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பாலம் என்று ஒன்று இருந்தால் அதிலே இருபுறமும்தானே நடக்கலாம்?

மனிதரைப் பற்றும் இந்தக் குடும்பத்துக் கிருமியை முதலில் கண்ணாரக் கண்டு அடையாளம் சொன்னவர் யார் என்பதைக் கூறாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கிளாஸ்கோ நகரில் பஸ் ஓட்டியவரின் மகள், ஜூன் அல்மெய்டா. பதினாறாம் வயதில் பள்ளிப் படிப்பு நின்றது. மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். 1964இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையிலே, சளிக்காய்ச்சல் கண்டவரிடமிருந்து எடுத்த கிருமியை மின்னணு நுண்ணோக்கியில் கண்டார். கோழிகளுக்கு வரும் மூச்சுக்குழல் நோயின் கிருமியும் இதே சாயல்தான் என்பது அவருக்கு நினைவிலிருந்தது. முன்பே அதைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். 'இது இன்புளுயன்சா கிருமியின் மோசமான படம்' என்று திருப்பிவிட்டனர் பெரியோர்! 1968இல்தான், சுற்றிலும் முள்முள்ளாய் முடி தரித்தாற்போல இருப்பதால், இலத்தீன் மொழியில் முடியைக் குறிக்கும் 'கொரோனா' என்ற பெயர் அதற்கு நிலைத்தது. முடி தரித்த கிருமியை உலகுக்குக் காட்டியது முடிமன்னர் வீட்டுப் பிள்ளையன்று. பஸ் ஓட்டியவர் வீட்டுப் பெண்.

அந்த முள்தான் சாவி. நம் உயிரணுக்களின் மேற்புறத்திலே ஏ.சி.இ.2 என்றொரு புரதம் இருக்கிறது, அது பூட்டு. பூனைக்கும் சிங்கத்துக்கும் மானுக்கும் அதே புரதம் உண்டு, சிறு சிறு மாற்றங்களோடு. வௌவாலின் பூட்டுக்கென அமைந்த சாவி மனிதனின் பூட்டுக்கு எளிதில் பொருந்தாது. ஆனால் இந்தக் கிருமி தன்னைப் படியெடுக்கும்போது எழுத்துப் பிழை செய்யும். இருவகைக் கிருமிகள் ஒரே உயிரணுவில் புகுந்துவிட்டாலோ, ஒன்றின் துண்டை மற்றொன்று எடுத்துக்கொள்ளும். கோடிக்கணக்கான சாவிகளை அரம் போட்டுக்கொண்டே இருந்தால் ஒன்று என்றைக்கேனும் திறந்துவிடாதா? திறப்பதற்குப் பூட்டின் அருகே வரவேண்டும், அவ்வளவுதான். அந்த அருகாமையை ஏற்பாடு செய்து கொடுப்பவன் மனிதன்!

2002 நவம்பரில் சீனத்தின் குவாங்டாங் மாநிலத்திலே தோன்றியது சார்ஸ். அடங்குவதற்குள் 8,096 பேரைப் பற்றி 774 பேரைக் கொன்றது. 2003இல் ஷென்சென் நகரச் சந்தையிலே, புனுகுப் பூனை இனத்து விலங்குகளிடம் அதே கிருமியைக் கண்டனர். (நம் நாட்டில் அதன் உறவினத்திடமிருந்துதான் ஆண்டவன் திருமேனிக்குப் புனுகு எடுக்கிறார்கள், அங்கே அது விருந்துக் கறி.) பிடி, கொல் என்று 2004 சனவரியில் ஆணை பிறந்தது, ஏறத்தாழ 10,000 உயிர்கள் குறிவைக்கப்பட்டன. ஆனால் ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. பண்ணையிலிருந்த பூனைகளிடம் பெரும்பாலும் அந்தக் கிருமியின் சுவடு இல்லை. சந்தையிலே, கூண்டின்மேல் கூண்டாக, பலவகை விலங்குகளின் மலத்துக்கும் மூச்சுக்குமிடையே நாட்கணக்கில் அடைபட்டவற்றிடந்தான் அது மலிந்திருந்தது. 2005இல், லாடம் போன்ற மூக்கமைப்புள்ள வௌவால்களிடம் அதன் நெருங்கிய உறவுகள் அகப்பட்டன. குற்றவாளி பூனையுமல்ல, வௌவாலுமல்ல, அடைத்த கூண்டு.

2012இல் அரபு நாட்டில் மெர்ஸ் வந்தது. அதற்கு ஒட்டகம் பாலமாயிற்று. 1983இல் சோமாலியாவில் எடுத்துவைத்திருந்த ஒட்டகக் குருதியிலேகூட அதன் சுவடு தெரிந்தது. 2015இல் ஒரே ஒரு பயணியால் தென்கொரியாவுக்குச் சென்று 186 பேரைப் பற்றி 38 பேரைப் பலிகொண்டது. அங்கே அது பரவியது ஒட்டகத்தாலன்று, மருத்துவமனை நெரிசலால்.

இங்கே ஒரு வேடிக்கை. 2020 மார்ச்சில், டில்லியிலே, கொரோனாவை ஓட்டப் பசுவின் மூத்திரத்தைக் கூடிக் குடித்து விழா எடுத்தார்கள். நமக்குச் சாதாரண சளி தரும் ஓசி43 என்ற மற்றொரு கொரோனா கிருமிக்கு மிக நெருங்கிய உறவினர் யார் தெரியுமா? மாட்டின் கொரோனா கிருமி! மாட்டிடமிருந்தே அது மனிதனிடம் வந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். கோமாதாவுக்கு இதிலே பழியுமில்லை, புகழுமில்லை. 2021 மே மாதம் கோவையிலே ஒரு மடத்தில் 'கொரோனா தேவி'க்குச் சிலையே வைத்துவிட்டார்கள். அம்மையை மாரியாத்தாளாக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா! அம்மையை ஒழித்தது படையலா, ஊசியா என்பதை அவர்களே சொல்லட்டும்.

2021 நவம்பரில் கீழ்வகுப்புகள் திறந்தபோது, நம் வகுப்பில் நால்வர் அமரும் பெஞ்சியிலே ஒரு சிறுமி தனியே அமர்ந்திருந்தாள். ஏன் என்று கேட்டோம். "அவங்க வீட்ல வௌவால் சாப்பிடுவாங்க சார். அதனாலதான் கொரோனா வந்துச்சாம்" என்றான் ஒருவன். வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஊர்க்கோடிக் குடியிருப்பு அவளுடையது, தந்தை வேட்டைக்காரர். அந்த வௌவாற் கறியை இளைப்பு நோய்க்கு மருந்தென்று இரவிலே ஆளனுப்பி வாங்கியவர்கள் ஊருக்குள்ளே மாடிவீட்டில் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளை எந்தப் பெஞ்சியும் விலக்கவில்லை!

வௌவாலைப் பிடிப்பதிலே ஆபத்தே இல்லை என்று நாம் சாதிக்கவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பழந்தின்னி வௌவால்களிடம் அவற்றுக்கே உரிய கொரோனா கிருமிகள் இருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் 2020இல் வெளியிட்டார்கள். அவை மனிதரைப் பற்றியதற்குச் சான்றில்லை என்பதையும் சேர்த்தே வெளியிட்டார்கள். ஊரைப் பற்றிய கிருமியோ பஸ்ஸிலும் பந்தலிலும் மனிதர் மூச்சிலே வந்தது.

வகுப்பிலே சிங்கத்தின் கதையைச் சொன்னோம். நோய் தந்தவரை விலக்கவேண்டுமென்றால், சிங்கமல்லவா நம்மை விலக்கவேண்டும்? தொற்று என்பது வழி பார்த்து வரும். மேலிருந்தும் வரும், கீழிருந்தும் வரும். கண்டறியலாம், தடுக்கலாம், பதினான்கு நாளில் முடிந்தும் போகலாம். தீட்டு என்பது அப்படியா? கீழே இருப்பவனிடமிருந்து மட்டுமே வருமாம், பிறப்பிலேயே வருமாம், எந்த ஊசிக்கும் போகாதாம்! தொற்றைப் பற்றிப் பேசுவதாகச் சொல்லிக்கொண்டு தீட்டைத்தான் பேசினார்கள் அந்தப் பெற்றோர்கள். மறுநாள் அவள் அருகே இருவர் வந்து அமர்ந்தார்கள். மூன்றாமவனின் தாத்தா பள்ளிக்கே வந்து நம்மோடு சண்டையிட்டார்.

படித்த நாடுகள் மட்டும் என்ன கிழித்தன? டென்மார்க்கிலே, மேட்டுக்குடியின் மேலங்கிக்காக, கீரி போன்ற மிங்க் என்னும் விலங்கைக் கோடிக்கணக்கில் கொட்டிலில் அடைத்து வளர்த்தார்கள். தொழிலாளரிடமிருந்து மிங்க்குக்குச் சென்ற கிருமி, சில மாற்றங்களுடன் மீண்டும் மனிதரிடமே திரும்பியது. பாலத்தின் இருவழிப் போக்கு அங்கே ஐயமற மெய்ப்பிக்கப்பட்டது. 2020 நவம்பரில் அத்தனையையும், ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் உயிர்களை, கொல்ல ஆணையிட்டார்கள். ஆணையிடச் சட்டமே இல்லை என்று பிறகு தெரிந்து அமைச்சர் பதவி விலகினார். ஆழமின்றிப் புதைத்த உடல்கள் ஊதி மேலெழுந்தன. ஹாங்காங்கிலே 2022இல் ஏறத்தாழ 2,000 ஹாம்ஸ்டர்கள் முதலிய வளர்ப்பு உயிர்கள் இதே வழி சென்றன. அமெரிக்கக் காட்டு மான்களிடம் கிருமி புகுந்துவிட்டது; அவற்றை என்ன செய்வது? காட்டையா கொல்வது?

2022இல் ஹிசார் நகரிலுள்ள ஆய்வு நிலையம் விலங்குகளுக்கென்றே ஒரு தடுப்பூசி செய்தது. வரவேற்கிறோம். ஆனால் கூண்டைத் திறந்து இறைச்சி வைப்பவரும், பண்ணையிலே எச்சம் அள்ளுபவரும், அறுப்புக்கூடத்திலே கழுவுபவரும் யார்? பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். காய்ச்சல் கண்டாலும் வேலைக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் அன்றைய கூலி போயிற்று. அவர்களுக்கு முகக்கவசமும் கையுறையும் கிடைக்கின்றனவா, காய்ச்சலுற்றால் கூலியோடு விடுப்பு உண்டா என்று கேட்டு, அவரவர் ஊரிலுள்ள பண்ணைக்கும் பூங்காவுக்கும் நகராட்சிக்கும் தோழர்கள் எழுதட்டும். பதில் வந்தால் இவ்வேட்டுக்கு அனுப்புங்கள்.