ஒரு முழம் உள்ளே

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே அண்ணனும் தம்பியும் இரண்டு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. காரணம், ஒரு சர்வே கல். வாய்க்கால் தூர்வாரியபோது பொக்லைன் புரட்டியதில், இருவர் வயலும் சேரும் முனையில் இருந்த கல்லைக் காணோம். "நீதான் பிடுங்கினே" என்று இவர். "நீதான் நகத்தினே" என்று அவர்.

தம்பி மகன் செல்போனில் மேப்பைத் திறந்து ஒரு புள்ளி வைத்தான். போன் ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக்கூடக் காட்டும். ஒரு முழ வரப்புக்குச் சண்டை போடுகிறவர்களிடம் அது எடுபடுமா?

அண்ணன் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். அரசு இணையதளத்தில் சர்வே எண்ணைக் கொடுத்து, புலப்படத்தை இறக்கிப் பார்த்தாள். கல்லுக்குக் கல் எத்தனை மீட்டர் என்று அதில் எழுதியிருந்தது. பம்புசெட் கல்லும் களத்துமேட்டுக் கல்லும் இன்னும் அசையாமல் இருக்கின்றன. இடையில் 60 மீட்டர். காணாமல்போன கல், முதலாவதிலிருந்து 45, இரண்டாவதிலிருந்து 50.

ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்தாள். 5 மீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்து, 12 சென்டிமீட்டரில் ஒரு கோடு. ஒரு முனையில் காம்பஸை ஊன்றி 9 சென்டிமீட்டரில் ஒரு வில், மறுமுனையில் 10 சென்டிமீட்டரில் இன்னொன்று. வில்கள் வெட்டிக்கொண்டது இரண்டு இடத்தில்! கோட்டுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டு தூரம் மட்டும் கையில் இருந்தால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். மூன்றாவதாக ஒரு தூரமோ அடையாளமோ வேண்டும். நல்லவேளை, வாய்க்கால் இருந்தது. அதை ஒட்டிய புள்ளிதான் கல். மற்றது யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு.

ஆனால் பென்சில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் வயலில் அரை மீட்டர் போய்விடும். அதுதானே சண்டையே! காகிதம் எங்கே தேடுவது என்று சொல்லும்; அளப்பதை வயலில்தான் அளக்க வேண்டும்.

கொத்தனாரிடம் 50 மீட்டர் டேப் இரண்டு வாங்கி வந்தாள். பம்புசெட் கல்லில் அப்பா. அடுத்த கல்லில் பிடிக்க ஆளில்லை. போய்க் கூப்பிட்டாள்.

"கல்லு மேல அழுத்திப் பிடிச்சா போதும் சித்தப்பா."

ஏமாற்றிவிடுவார்களோ என்ற சந்தேகத்திலாவது அவர் வந்தார். டேப் தொய்ந்தால் கணக்கு தப்பும். வயலின் அந்தக் கோடியிலிருந்து அப்பா கத்தினார், "தொய்யுதுடா, இழுத்துப் பிடி!"

45-ம் 50-ம் சேர்ந்த இடத்தில் முளைக்குச்சி அடித்தாள். அது, அப்பா இத்தனை நாள் சொல்லிவந்த எல்லைக்கு ஒரு முழம் உள்ளே இருந்தது. அவருக்குத்தான் நஷ்டம். எதுவும் பேசாமல், "இன்னொரு தடவை அள" என்றார். மூன்று தடவை அளந்தாள். குச்சி நகரவில்லை.

சித்தப்பா கடப்பாரையால் சுற்றிலும் குத்திப் பார்த்தார். ஒரு சாண் தள்ளி 'ணங்' என்றது. இரண்டடி ஆழத்தில் கல் சாய்ந்து கிடந்தது. யாரும் பிடுங்கவில்லை.

திரும்ப நட சர்வேயர்தான் வரவேண்டும். மனுவில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அதுவரை மாடு தட்டிவிடாமலிருக்க, குச்சியைச் சுற்றி சித்தப்பா முள் வெட்டிப் போட்டிருக்கிறார்.