மாருதிக்கு வைத்தியம்

பழைய சிறு கார் ஒன்றை வைத்திருப்பவனை உலகம் இருவகையாக நோக்குகின்றது. காரில்லாதவர் அவனைச் செல்வந்தன் என்பர். புதிய கார் உடையவர் அவனைக் கண்டு இரங்குவர். உண்மை நிலையை அறிந்தவர்கள் அவனுடைய மனைவியும், பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைக்காரரும் மாத்திரமே.

எங்கள் வீட்டு வாகனம் மாருதி 800. ஜப்பானியச் சுசுக்கிக் காரை ஆதாரமாகக் கொண்டு 1983 டிசம்பரில் இந்தியாவில் வெளிவரத் தொடங்கி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன வண்டி. மூன்று சிலிண்டர், 796 சீசீ இயந்திரம், பன்னிரண்டு அங்குலச் சக்கரம். எங்களுடையது காபரேற்றர் காலத்தது. ஜிந்துப்பிட்டியின் ஒடுங்கிய தெருவோரத்தில், துறைமுகத்து உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு அது இரவு பகலாய் நிற்கின்றது.

2020 மார்ச்சில் இலங்கை அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியிலேதான். இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை ஏறியது பலருக்கும் நினைவிருக்கும். 2021இல் ஒரு தரகர் வந்து, நாங்கள் வாங்கிய விலையைப்போல் இருமடங்கு தருவதாகச் சொன்னார். மகளின் படிப்புச் செலவு கண்முன்னே நின்றது, ஆசை எழாமலில்லை. "அந்தக் காசுக்கு வேறு என்ன கார் வாங்கலாம், சொல்லுங்கோ? மாமாவை மாதா மாதம் கிளினிக்குக்கு எதிலே கொண்டுபோறது?" என்று கேட்டாள் மனைவி. தரகருக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தோம்.

விற்காத காரைப் பேணவேண்டுமே! 2023இல் ஒரு நாள், மூச்சுத்திணறலோடு இருந்த தந்தையாரைத் தேசிய வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றேன். மருதானை நெரிசலில் வண்டிகள் எறும்பாய் ஊர்ந்தன. வெப்பமானியின் முள் மெல்ல மெல்லச் சிவப்புக் கோட்டை நோக்கி ஏறியது. தந்தையாரின் மூச்சையும் அந்த முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடி ஒருவாறு ஓரங்கட்டினேன். முச்சக்கரவண்டி ஒன்றே அன்று எங்களைக் கரைசேர்த்தது.

மறுநாள் ஒரு கராஜில் காட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தவர் அரை நிமிடத்திலே, "ஹெட் கஸ்கற் போயிட்டுது, நாற்பத்தெட்டாயிரம் ஆகும்" என்றார். அவர் சொன்னது நடக்கவே முடியாத காரியமன்று. சூடு மிகுந்தால் இயந்திரத்தின் அலுமினியத் தலை வளையும். அதற்கும் கீழுடலுக்கும் இடையிலுள்ள கஸ்கற் கருகும். தலையைக் கழற்றிச் சமப்படுத்தக் கூலியே பெருந்தொகையாகும். ஆயினும், சோதியாமலே சொல்லப்பட்ட நோய்க்கு அவ்வளவு பணம் கொடுக்க மனம் வரவில்லை.

கிராண்ட்பாஸில் வயதான நானா ஒருவர் இருக்கின்றார். அவர் முதலிலே கேட்டது ஒரே கேள்வி: "ஓடக்குள்ள சூடாகுதா, நிக்கக்குள்ள சூடாகுதா சேர்?"

யோசித்தேன். காலி வீதியிலே வெள்ளவத்தைக்கு ஓடும்போது முள் அசைவதில்லை. நெரிசலில் நின்றால் மாத்திரம் ஏறுகின்றது. நானா எண்ணெய்க் கோலை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்த எண்ணெய் பால்தேநீரின் நிறம் கொள்ளுமாம். எங்களுடையது கறுப்பாகவே இருந்தது. இயந்திரத்தை ஓடவிட்டு ரேடியேற்றரில் குமிழி எழுகிறதா என்று நோக்கினார், இல்லை. பின்னர் மின்விசிறியின் சுவிட்சிலிருந்து இரு கம்பிகளைக் கழற்றி ஒன்றோடொன்று தொடுத்தார். விசிறி சுழன்றது! பழுது, சூடேறியதும் விசிறியை இயக்கவேண்டிய அந்தச் சிறு சுவிட்சிலேதான். ஓடும் வண்டிக்கு எதிர்காற்று ரேடியேற்றரைக் குளிர்விக்கும். நிற்கும் வண்டிக்கு விசிறியே கதி. வாயுபுத்திரனின் பெயர் தாங்கிய வண்டி காற்றில்லாமல் தவித்திருக்கின்றது! சுவிட்சுக்கு இரண்டாயிரத்து நானூறு, கூலி ஆயிரத்தைந்நூறு. மொத்தம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம் ரூபா.

ஓடும்போதே சூடேறுமாயின் கதை வேறு. ரேடியேற்றர் அடைபட்டிருக்கலாம், தண்ணீர்ப் பம்பு தேய்ந்திருக்கலாம், தேமோஸ்ராற் திறவாதிருக்கலாம். எங்கள் வகுப்பு மாணவரும் விடையை அறியுமுன் வினாவை இப்படிப் பிரித்துக் கேட்பாராயின் எவ்வளவு நன்றாயிருக்கும்!

அதன்பின் சில்லறை நோய்கள் வந்துபோயின. முன்சக்கரத்து அச்சு மூட்டைப் போர்த்தும் இறப்பர் உறை கிழிந்தது. அதை உடனே மாற்றினால் சிறு செலவு. விட்டுவைத்தால் மணல் புகுந்து மூட்டையே அரித்துவிடும், செலவு பன்மடங்காகும். திருப்பத்தில் 'டக் டக்' என்று ஒலி கேட்கத் தொடங்கியபின் உறையை மாற்றிப் பயனில்லை. காபரேற்றரில் தூசி அடைத்தது, கழுவியதும் தீர்ந்தது. டைமிங் பெல்ற் அறுமுன்னரே மாற்றிக்கொண்டோம். அது அறுந்தால் வண்டி நடுத்தெருவிலே நின்றுவிடும். தந்தையார் உள்ளே இருக்கையில் அந்தச் சோதனை வேண்டாம்.

பஞ்சிகாவத்தையிலே ஒரே பாகம் மூன்று விலையில் கிடைக்கும்: அசல், மாற்று, பாவித்தது. கழற்றிய பழைய பாகத்தைக் கையிலே கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குவது என் வழக்கம். தடுப்புக்கும் பெல்ற்றுக்கும் அசலே வேண்டும். கதவுக் கைப்பிடிக்குப் பாவித்ததே போதும் என்பது எங்கள் வீட்டுத் தீர்மானம்.

இப்போது எஞ்சியிருப்பது துருதான். சென்ற வாரம் கால்விரிப்பைத் தூக்கியபோது, சாரதியின் இருக்கைக்கு அருகே ஒரு ரூபா நாணயமளவு துவாரத்தினூடே ஜிந்துப்பிட்டித் தெரு தெரிந்தது. துருவைச் சுரண்டி, தகடு வைத்து ஒட்ட நான்கு நாள் வேண்டுமென்கிறார் வெல்டிங் பாஸ். டிசம்பர் விடுமுறைக்குக் குறித்திருக்கின்றோம். அந்த நான்கு நாளிலே கிளினிக் வராதபடி, நாட்காட்டியை மனைவி இரண்டு தரம் பார்த்துவிட்டாள்.